வீட்டில் ஒரு வீடியோ கமரா



மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் வட எல்லையை அடுத்துக் கடலோரமாக அமைந்திருப்பது மறிச்சுக்கட்டி என்னும் ஊர். செய்தியில் எப்போதாவது அடிபடுவதன்றி, இப்பெயரை வேறெங்கும் கேட்டிராதவர் உங்களிற் பலர் இருத்தல் கூடும். ஆயின் நூறாண்டுக்கு முன்னர் பம்பாய் முத்து வணிகர் முதல் அராபியச் சுழியோடிகள் வரை இப்பெயரை நன்கறிந்திருந்தனர். 1906ஆம் ஆண்டு இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வெறும் மணல்வெளியிலே தடியாலும் ஓலையாலும் ஒரு நகரம் எழுந்தது. லெனாட் வூல்ப் என்ற ஆங்கில இளைஞர் அரசாங்க உத்தியோகத்தராக அங்கே இரவு பகலாகக் கடமை பார்த்தார். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த தமது சுயசரிதை நூலொன்றில் அந்நாட்களைப் பற்றி எழுதியும் இருக்கிறார். வேறு வெளிநாட்டாரும் வந்தனர், கண்டதை எழுதினர், நிழற்படம் பிடித்தனர். அப்படங்களை இன்றும் பழைய நூல்களிற் காணலாம். அவற்றில் எங்கள் முன்னோர் எவரேனும் நிற்கின்றனரா? நிற்கலாம், அவர்கள் இன்னார் என்று சொல்வாரில்லை. படம் பிடித்தவன் வந்தவன். கருவி அவன் கையில் இருந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவனும் அவனே.

அந்தக் கருவி எங்கள் கைக்கு வந்து சேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. தோளிற் சுமக்கும் பெரிய வீடியோ கமராக்களுக்குப் பின்னர், 1985ஆம் ஆண்டளவில் எட்டு மில்லிமீற்றர் நாடா கொண்ட சிறிய கசற்றுகளும் அவற்றுக்கேற்ற கைக்கமராக்களும் சந்தைக்கு வந்தன. குவைத்துக்கும் கத்தாருக்கும் சவூதிக்கும் தொழிலுக்குச் சென்ற நம்மவர், விடுமுறையில் வரும்போது கம்பளியோடும் அத்தரோடும் இக்கருவியையும் கொண்டுவரலாயினர். இப்பேச்சு அந்தக் கருவியைப் பற்றியது. அதனைப் பழுதுபடாமற் பேணுவது எங்ஙனம், பயன்படப் பிடிப்பது எங்ஙனம் என்பதே சொல்ல வந்த பொருள். ஆயினும் நான் கமராத் தொழில் கற்றவன் அல்லேன். கலைப் பட்டதாரி, பாடசாலை அதிபர். எங்கள் குடும்பத்தில் ஒரு கசற் பட்ட பாட்டைக் கொண்டே இவற்றை அறிந்தேன். ஆதலால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில், வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊரிழந்தனர். எனக்கு அப்போது இருபது வயது. பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்து, தென்னந்தோட்டங்களிலும் வெறுந்தரைகளிலும் கிடுகுக் குடில் கட்டி வாழத் தொடங்கினோம். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் வைத்திருந்த றங்குப்பெட்டி ஊரிலேயே நின்றுவிட்டது. மீண்டும் ஒரு மாதத்தில் திரும்புவோம் என்று எண்ணியவர்கள் பெட்டியைச் சுமப்பார்களா?

சில ஆண்டுகள் கழித்துப் புத்தளத்திலே எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் நடந்தது. குவைத்திலிருந்து வந்த மாமா கைக்கமராவும் கையுமாக நின்றார். மாப்பிள்ளையைப் பிடித்தார், சாப்பாட்டுச் சஹன்களைப் பிடித்தார், சிறுவர் ஆடியதைப் பிடித்தார். இடையே, குசினிப் பக்கத்துத் தாழ்வாரத்தில் இருந்த என் உம்மம்மாவிடம் சென்று, “மாமி, ஊரைப் பற்றி ஏதும் சொல்லுங்களேன்” என்று வேடிக்கையாகக் கேட்டார். உம்மம்மா வேடிக்கையாக எடுக்கவில்லை. தம் வளவின் எல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். வடக்கே யார் காணி, மேற்கே எந்த ஒழுங்கை, புளியமரத்திலிருந்து கிணற்றுக்கு எத்தனை கவடு என்று, உறுதி எழுதும் நொத்தாரிசுக்குச் சொல்வது போலச் சொன்னார். நான்கு நிமிடம் பேசினார். பின்பு யாரோ அழைக்க, எழுந்து போய்விட்டார். அதன்பின் சில ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து, நாங்கள் ஊர் திரும்பியபோது, அங்கே ஊர் இல்லை. இருபது ஆண்டு வளர்ந்த பற்றையும் மரமும் வளவுகளை மூடியிருந்தன. எது வளவு, எது வனம் என்ற வழக்கு பின்னர் நாடறிந்த வழக்காயிற்று. அதனுள் நான் இங்கே புகவில்லை. எங்கள் வீட்டின் சங்கடம் மிகச் சிறியது: கிணறு எங்கே? கிணற்றைக் கண்டால் வீட்டைக் காணலாம். வீட்டைக் கண்டால் எல்லையைக் காணலாம். அப்போதுதான் உம்மாவுக்கு அந்தக் கசற் நினைவுக்கு வந்தது.

அலுமாரியின் அடித்தட்டில், கோடைப் புழுக்கத்திலும் மாரி ஈரத்திலும் அது ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது நாடாவின் ஓரத்தில் மாவு தூவினாற்போல் வெண்மை படிந்திருந்தது. அது பூஞ்சணம் என்று அறியாமல், இரவல் வாங்கிய கமராவில் இட்டு ஓட்டினோம். ஒரு நிமிடம் திரை முழுவதும் கோடுகள்; பின்பு படமே இல்லை. நாடாவும் கெட்டது, இரவல் கமராவின் உள்ளே நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியும் அடைத்துக்கொண்டது. பின்னர் கொழும்பிலே தொழில் தெரிந்த ஒருவர் நாடாவைத் துப்புரவாக்கிப் படியெடுத்துத் தந்தார். உம்மம்மாவின் நான்கு நிமிடம் பெரும்பாலும் பிழைத்தது. வீட்டார் யாவரும் கூடியிருந்து பார்த்தோம். “புளியடியிலே இருந்து கிணற்றுக்கு” என்று அவர் சொன்ன இடத்தில் பந்தல் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓங்கி எழுந்தது. கிடுகிலே சோளகக் காற்றுப் படபடத்தது. வாய் அசைகிறது, கை எண்ணைக் காட்டுகிறது. அந்தக் கைக்குத்தான் கமரா திரும்பியிருக்க வேண்டும். மாமாவோ அவ்வேளையில் உம்மம்மாவின் மூக்குத்தியை நோக்கிக் காட்சியைப் பெருப்பித்துக்கொண்டிருந்தார்!

மாமாவைக் குறை சொல்லி என்ன பயன்? கமரா புதிது, அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பது மனித இயல்பு. ஆயினும் அந்த நான்கு நிமிடத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கமராவைப் பற்றிக் கற்க வேண்டியவற்றிற் பெரும்பாலானவை அதனுள்ளேயே இருக்கின்றன.

முதலாவது ஒலி. படம் மங்கினாலும் பேச்சுக் கேட்டால் பொருள் விளங்கும். பேச்சுக் கேளாத நல்ல படத்தால் எங்களுக்குக் கிணறு அகப்படவில்லை. கமராவோடு இணைந்த சிறிய ஒலிவாங்கி, அருகில் உள்ள ஓசையையே பெரிதாக வாங்கும். பத்தடி தூரத்தில் நின்று காட்சியைப் பெருப்பித்தால் முகம் அருகே வருமே தவிரக் குரல் அருகே வராது. ஆதலால் பேசுபவருக்கு மூன்று நான்கு அடி தூரத்தில் நெருங்கி இருந்து பிடிக்க வேண்டும். தனி ஒலிவாங்கி பொருத்தும் துளை உங்கள் கருவியில் உண்டாயின், சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றை வாங்குதல் மற்றெல்லாச் செலவிலும் நற்செலவு. எங்கள் கரையோரத்தில் காற்று ஒரு பெரும் பகைவன். கடற்கரையில் நின்று பேட்டி எடுத்தால் பேச்சுக்குப் பதிலாக இடிமுழக்கமே பதிவாகும். காற்றுக்கு முதுகு கொடுத்து நில்லுங்கள்; சுவர் மறைவை நாடுங்கள்; ஒலிவாங்கியின் வாயை மென்பஞ்சால் மூடுங்கள். எல்லாவற்றிலும் மேலாக, வானொலி, மின்விசிறி, நீரிறைக்கும் மோட்டார் யாவற்றையும் நிறுத்துங்கள். இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது நிதானம். கமராவைக் குழாய்நீர்போல் அங்குமிங்கும் பாய்ச்சுவதே புதியவர் இயல்பு. ஒரு காட்சியை எடுத்தால் மனத்துக்குள் பத்து எண்ணும் வரையேனும் அசையாமல் வைத்திருங்கள். பக்கவாட்டிற் திருப்ப வேண்டுமாயின், தொடங்குமிடத்திற் சற்று நின்று, மெதுவாகத் திருப்பி, முடியுமிடத்திலும் சற்று நில்லுங்கள். பெருப்பிக்கும் விசையைக் காட்சிக்கு முன்னர் அமுக்குங்கள். காட்சியின் நடுவே தொடாதீர்கள். ‘டிஜிற்றல் சூம்’ என்று பெட்டியிலே பெரிய எண் அச்சிட்டிருப்பார்கள். அது உள்ள படத்தை ஊதிப் பெருப்பிப்பதேயன்றிப் புதிதாக எதனையும் காட்டுவதில்லை. அதனை நிறுத்தி வைப்பதே நன்று. முக்காலித் தாங்கி இல்லாவிடில் ஒரு மேசையும் அதன்மேல் அரிசிப் பையும் போதும். பேசுபவரின் பின்னே திறந்த யன்னலோ வெயில் முற்றமோ இருந்தால் முகம் கறுத்துவிடும். அவரை ஒளிக்கு எதிராகத் திருப்பி இருத்துங்கள். பதிவுப் பொத்தானை அமுக்கிய பின் ஐந்து விநாடி கழித்தே கேள்வியைக் கேளுங்கள். பேச்சு முடிந்த பின்னும் ஐந்து விநாடி விடுங்கள். இல்லையேல் முதற் சொல்லும் கடைச் சொல்லும் அறுபடும்.

கேள்வியிலும் ஒரு முறை உண்டு. “ஊர் நல்ல ஊர்தானே?” என்றால் “ஓம்” என்று முடிந்துவிடும். “விடியற்காலை எழுந்து கதவைத் திறந்தால் முதலில் என்ன தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார். பேசும்போது குறுக்கிடாதீர்கள். அவர் மௌனமானாலும் கமராவை நிறுத்தாதீர்கள். தொடக்கத்திலே நாள், இடம், பேசுபவர் பெயர், அவர் யாருடைய மகன் அல்லது மகள் என்பவற்றை வாயாற் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கசற்றின் மேல் எழுதிய மை அழியும், ஒட்டிய தாள் கழன்று போகும். குரல் நாடாவோடு இருக்கும்.

நிற்க. கருவியின் பாதுகாப்புக்கு வருவோம். மன்னார்க் கரையில் அதற்குப் பகை மூன்று: மணல், உப்பு, வெயில். கசற் இடும் கதவைக் கடற்கரையில் திறக்கவே கூடாது. ஒரு மணற்பரல் உட்புகுந்தால் நாடாவை நீளக் கீறிக்கொண்டே போகும். கசற்றை வீட்டிலேயே மாற்றிக்கொண்டு செல்லுங்கள். வில்லையின் மேல் வாயால் ஊதாதீர்கள், சாரத்தின் தலைப்பால் துடைக்காதீர்கள். இரப்பர்க் குமிழால் தூசை ஊதி அகற்றிய பின்னரே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வில்லையின் முன்னே நிறமற்ற கண்ணாடித் தகடொன்றைத் திருகி வைத்தால், உப்புக் காற்றும் மணலும் அத்தகட்டையே தாக்கும்; அது கெட்டால் சிறு செலவோடு போயிற்று. கடலோரத்திலிருந்து வந்ததும், நன்னீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் கருவியின் வெளிப்புறத்தைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கமராவின் முன்வில்லையைச் சூரியனுக்கு நேரே பிடித்தலாகாது என்பது பலருக்குத் தெரியும். கண் வைத்துப் பார்க்கும் துளையிலும் ஒரு வில்லை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். கமராவை வள்ளத்தின் அணியத்திலோ யன்னல் விளிம்பிலோ பின்புறம் சூரியனை நோக்க வைத்தால், அந்த வில்லை ஒளியைக் குவித்து உள்ளிருக்கும் சிறு திரையைச் சுட்டுவிடும். சிறுவர் பூதக்கண்ணாடியாற் கடதாசி எரிப்பது போன்றதே இதுவும். குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வெளியே எடுத்ததும் உடனே இயக்குவதும் தவறு. குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளி படியும்; ஈரம் பட்ட நாடா சுழலும் உருளையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல கமராக்கள் இதற்கு எச்சரிக்கைக் குறி காட்டி இயங்க மறுக்கும். மறுக்கும் கருவியோடு சண்டையிடாமல், பைக்குள்ளே ஒரு மணி நேரமேனும் வைத்திருந்து எடுங்கள்.

பற்றரியை வெயிலில் நிற்கும் வாகனத்துள் விட்டுச் செல்லாதீர்கள். வீங்கிய லித்தியம் பற்றரியை இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று மின்னேற்றாதீர்கள். அது தீப்பற்றக் கூடியது. திறப்புக் கோவையோடும் சில்லறைக் காசோடும் ஒரே பையில் போடாதீர்கள். நெடுங்காலம் பயன்படுத்தாது வைப்பதாயின் ஏறத்தாழ அரைவாசி மின்னேற்றிக் கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பிடிப்பவரின் உயிரும் கருவியோடு சேர்ந்ததே. துளைக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர், கட்டில்லாத கிணற்றையும் காணார், வீதியில் வரும் வாகனத்தையும் காணார். வள்ளத்தில் இருந்தே பிடியுங்கள்; எழுந்து நின்று பிடிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் யானையைக் கண்டதும் இளைஞர் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு முன்னே செல்கின்றனர். திரையிலே யானை தூரத்தில் தெரியும். உண்மையில் அது அவ்வளவு தூரத்தில் இல்லை. படை முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் பிடிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி, மக்களைப் பற்றி. கலியாண வீட்டிலே பெண்கள் பகுதிக்குள் கமராவோடு புகுபவர், வீட்டாரின் அனுமதி பெற்றால் போதும் என்று கருதுகின்றனர். போதாது. அங்கிருப்பவர் பலர் விருந்தினர். ஒவ்வொருவருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. மையித்து வீட்டில் அழுவோரைப் பிடித்தல் எனக்கு உடன்பாடன்று. முன்பெல்லாம் கசற் அலுமாரிக்குள் இருந்தது. இன்று பிடித்த மறுநிமிடம் உலகெங்கும் அனுப்பலாம். பிடிக்கச் சம்மதித்தவர் அனுப்பவும் சம்மதித்தார் என்று கொள்ளாதீர்கள். ஊரிழந்த கதையைச் சொல்லும் முதியவர் சில பெயர்களையும் சொல்லுவார். அப்பெயர்க்குரியவர் இன்றும் அயலிலே வாழக்கூடும். பதிவு முடிந்ததும் அவரையே இருத்தி முழுவதையும் போட்டுக் காட்டி, “இதில் எதை வெட்ட வேண்டும்?” என்று கேட்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் வெட்டச் சொல்ல மாட்டார்கள்; இன்னும் கொஞ்சம் சேர்க்கவே சொல்லுவார்கள்.

பழைய கசற்றுகள் வைத்திருப்போருக்கு ஓர் அவசரச் செய்தி. வீஎச்எஸ் நாடாக்களை ஓட்டும் இயந்திரங்களை இறுதிவரை தயாரித்து வந்த யப்பானிய நிறுவனமாகிய புனாய், 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு அதனை நிறுத்திவிட்டது. எட்டு மில்லிமீற்றர்க் கமராவும், 1995ஆம் ஆண்டில் வந்த மினி டீவீ கமராவும் இன்று பழைய பொருட் கடையிலேயே கிடைக்கும். நாடா நன்றாக இருந்தும் ஓட்டக் கருவி இல்லை என்ற காலம் வந்துகொண்டிருக்கிறது. ஆகையால் இப்பொழுதே கணினிக்குப் படியெடுத்துக்கொள்ளுங்கள். மினி டீவீ நாடா ஒரு மணி நேரம் ஓடினால் கணினியில் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். இன்று அது பெரிய இடமன்று. யப்பானிலிருந்து வந்த கமராவாயின் அதன் முறை என்ரீஎஸ்சி, நமது நாட்டு முறை பால் என்பதைப் படியெடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெண்மை படிந்த நாடாவை எக்காரணங்கொண்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாங்கள் செய்த தவறு அது. நல்ல நாடாவை முழுவதும் ஓட்டித் திருப்பிச் சுற்றி, பதிவு அழியாமற் காக்கும் சிறு தாழைத் தள்ளிவிட்டு, நூலைப்போல் நிமிர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் வேண்டாம், அதற்குள் காந்தம் உண்டு. படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்றாயினும் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. நாடாவைத் தவிர மற்றவை யாவும் அதற்கும் பொருந்தும். எங்கள் மாணவர் சிலர் அதனைக் கொண்டு ஒரு வேலை தொடங்கியுள்ளனர். அரிப்புக் கரையில், முதல் ஆங்கிலேயத் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோத் கட்டுவித்த மாளிகை இடிந்து கிடக்கிறது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடல் அதன் அடியை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கிறது. மாணவர் அங்கே சென்று, ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் கமராவை வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்து வருகின்றனர். ஒரு நிமிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சென்ற ஆண்டின் நிமிடத்தையும் இவ்வாண்டின் நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தபோது, வகுப்பறையில் பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் கிணற்றின் கதையை முடிக்கவில்லை. நான்கு நாள் பற்றை வெட்டிய பின்னர் அதன் கட்டைக் கண்டோம். உம்மம்மா சொன்ன புளியமரம் இல்லை. அதன் அடிக்கட்டை மாத்திரம் கறையான் தின்றபடி நின்றது. அடிக்கட்டையிலிருந்து கிணறு வரை என் தம்பி கவடு வைத்து எண்ணினான், இருபத்தேழு. வீட்டுக்கு வந்து அந்த நாடாவின் படியை மீண்டும் போட்டு, உம்மம்மாவின் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தேழு என்று சொல்வதுபோலத்தான் இருந்தது. முப்பது என்று சொன்னாலும் உதடு அப்படித்தான் அசையும் என்கிறார் உம்மா.

உம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை காலை, காற்று எழுமுன், அவரைச் சுவர் மறைவில் இருத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கமராவை மேசைமேல் வைத்தேன். பேரன் கைதட்டி ஒலி சரிபார்த்தான். “எங்கிருந்து தொடங்க?” என்று உம்மா கேட்டார். கிணற்றடியிலிருந்து தொடங்கச் சொன்னேன்.